பள்ளிப் பத்திரிகையும் கணினியும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

சரக்கை நிறுத்துக் கொடுப்பவர் கையில் தராசு இருப்பதுபோல, செய்தியை எடுத்துச் சொல்பவர் கையிலும் ஒரு தராசு இருக்கவேண்டும். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது என்பதை வணிகர்களாகிய நாம் நன்கு அறிவோம். வந்த செய்தியை விசாரித்துத் தெளிந்த பின்னரே அதன்மீது நடவடிக்கை கொள்ளவேண்டும் என்று 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத் பணிப்பதையும் அறிவோம். முன்னதைக் கடையில் நாள்தோறும் கடைப்பிடிக்க முயல்கிறோம். பின்னதை நம் பிள்ளைகளுக்கு எங்கே பழக்குகிறோம்?

இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. சுபுஹுக்குப் பின் வந்த ஒரு வதந்தியை லுஹருக்குள் நூறு பேருக்கு அனுப்பிவிட அதனால் முடியும். யார் சொன்னது, எப்போது சொன்னது, உண்மையா என்று கேட்கும் பழக்கம் தானாக வருவதன்று, அதைக் கற்பிக்கவேண்டும். அறிவுரையால் மட்டும் அது வராது. தன் பெயரைப் போட்டு, நாலு பேர் படிக்க, தானே ஒரு செய்தியை எழுதி வெளியிடும்போதுதான் அதன் பொறுப்பு பிள்ளைக்குப் புரியும். ஆகவேதான் உயர்நிலை 1, 2 வகுப்பிலும், மலேசியாவில் படிவம் 1, 2 வகுப்பிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கணினியில் ஒரு தமிழ்ப் பள்ளிப் பத்திரிகை தயாரிக்கக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்கிறோம். பள்ளியின் தமிழ் வகுப்பிலோ சங்கத்தின் வார இறுதி வகுப்பிலோ இதைச் செய்யலாம். செய்யும் முறையையும், அதில் வணிகரின் பங்கையும் கீழே விளக்குவோம்.

நம்மவருக்குப் புதிதன்று

பத்திரிகைத் தொழில் இம்மண்ணில் நம் சமூகத்துக்குப் புதிதன்று. 1876இல் சிங்கப்பூரில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்னும் மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள் இந்திய முஸ்லிம் வழிவந்த ஜாவி பெரானாக்கான் சமூகத்தாரே. 1887இல் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழ் தோன்றியது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. தீனோதய வேந்திரசாலை என்னும் அச்சகத்தில் அச்சாகி 1890 வரை அது வெளிவந்தது. கல்வியிலும் நம்மவர் பின்தங்கவில்லை. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாகி, 1982இல் மூடப்பட்டது. அப்பெயர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தின் வாயிலாக நிலைத்து நிற்கிறது.

மகுதூம் சாயபு காலத்தில் ஒரு பக்கம் அச்சேறவேண்டுமானால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்கவேண்டும். பிழை இருந்தால் கோத்ததைப் பிரித்து மீண்டும் கோக்கவேண்டும். அந்தச் சிரமமே எழுதுவோரை எச்சரிக்கையாக இருக்கச் செய்தது. பின்னர்ப் பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகையும், மெழுகுத்தாளில் வெட்டிச் சுழற்றி எடுக்கும் சைக்ளோஸ்டைல் பிரதியும் இருந்தன. அவற்றிலும் திருத்துவது கடினம். இன்றோ கணினியில் ஒரு விசையைத் தட்டினால் பிழை மறைகிறது. இன்னொரு விசையைத் தட்டினால் பக்கம் வெளிவருகிறது. எளிதாக வெளியிட முடிவதாலேயே, வெளியிடுமுன் நின்று யோசிக்கவேண்டிய கடமை பெருகிவிட்டது. இப்பயிற்சியில் பிள்ளைகள் கற்கவேண்டிய முதல் உண்மை இதுதான்.

முதல் பாடம்: வேலையைப் பங்கிடுதல்

பன்னிரண்டு மாணவர்கள் போதும். ஒருவர் ஆசிரியர், இருவர் துணையாசிரியர், ஐவர் நிருபர், ஒருவர் படம் எடுப்பவர், இருவர் பக்கம் அமைப்பவர், ஒருவர் பிழை திருத்துபவர். அடுத்த இதழில் இந்தப் பொறுப்புகள் மாறவேண்டும். இல்லையேல் கணினி தெரிந்த பிள்ளை கணினியோடும், தமிழ் தெரிந்த பிள்ளை தமிழோடும் நின்றுவிடும். கடையில் புதிதாகச் சேர்ந்த பையனைக் கிடங்கிலும் நிறுத்தி, கல்லாவிலும் உட்காரவைத்துத்தானே தொழில் கற்பிக்கிறோம்?

எட்டு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டால் நான்கு பக்க இதழ் ஒன்றைக் கொண்டுவரலாம். முதல் மூன்று வாரம் செய்தி திரட்டவும் எழுதவும். நான்காம், ஐந்தாம் வாரம் தட்டெழுதவும் செப்பனிடவும். ஆறாம் வாரம் பக்கம் அமைக்கவும். ஏழாம் வாரம் பிழை திருத்தவும். எட்டாம் வாரம் அச்சிட்டு விநியோகிக்கவும் ஆகும். முதல் நாளே பிள்ளைகளைக் கணினியின் முன் உட்காரவைத்துவிடக் கூடாது. உட்காரவைத்தால் தலைப்புக்கு வண்ணம் தேடுவதிலும், பூவேலை செய்வதிலும் நேரம் போய்விடும். எழுத ஒன்றும் இராது.

இரண்டாம் பாடம்: சிட்டையும் பேரேடும்

வணிகத்தில் நடந்ததை நடந்தவுடன் சிட்டையில் குறிக்கிறோம்; பிறகு ஒழுங்குபடுத்திப் பேரேட்டில் ஏற்றுகிறோம். சிட்டையில் இல்லாதது பேரேட்டில் ஏறக் கூடாது. பத்திரிகைக்கும் இதுவே விதி. நிருபரின் குறிப்பேடு சிட்டை. அச்சாகும் பக்கம் பேரேடு. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு கேள்விகளுக்கும் விடை குறிப்பேட்டில் இருக்கவேண்டும். சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசை உண்டு. இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். இதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர்கள் நம்பத்தக்கவர்களா என்று ஆராய்ந்தார்கள். அந்தப் பெருங்கலையோடு பள்ளிப் பத்திரிகையை ஒப்பிடுவதாக யாரும் கருதவேண்டாம். ஆயினும், ‘உனக்கு இதைச் சொன்னது யார்?’ என்னும் கேள்வி நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. அது நம் மார்க்க மரபிலேயே இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துக்காட்டலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் விலை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘மாணவர் வயிற்றில் அடிக்கும் கொள்ளை லாபம்’ என்று தலைப்பிட்டு எழுத ஒரு நிருபர் துடிக்கலாம். ஆசிரியர் அவரைத் தடுத்து நிறுத்தி, நான்கு கேள்விகளோடு திருப்பி அனுப்பவேண்டும். முன்பு என்ன விலை? இப்போது என்ன விலை? எந்தத் தேதியிலிருந்து? கடைக்காரர் சொல்லும் காரணம் என்ன? அவர் அரிசி, தேங்காய், கோழி முட்டை ஆகியவற்றின் கொள்முதல் விலையைக் காட்டலாம். வாடகை ஏறியதைச் சொல்லலாம். அல்லது தகுந்த காரணம் இல்லாமலும் இருக்கலாம். எதுவாயினும் அவருடைய வார்த்தையும், மாணவரின் குறையும் ஒரே செய்தியில் இடம் பெறவேண்டும்.

இதில் யாருடைய நலன் அடங்கியிருக்கிறது என்பதை வணிகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரு கடைக்காரர் இருபது ஆண்டு உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை, விசாரிக்காமல் எழுதிய இரண்டு வரி ஒரே நாளில் குலைத்துவிடும். மறுபக்கம் கேளாமல் எழுதலாகாது என்று பதின்மூன்று வயதில் கற்ற பிள்ளை, முப்பது வயதில் யாரைப்பற்றியும் அவதூறு பரப்பத் தயங்கும்.

பெரியவர்களைக் கண்டு பேசி எழுதுவதும் நல்ல பயிற்சி. ரஜூலா கப்பலில் கடல் கடந்து வந்த பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. பேரப்பிள்ளை குறிப்பேட்டோடு உட்கார்ந்து, எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம், முதல் வேலை என்ன, முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்கட்டும். ஆண்டு நினைவில் தடுமாறினால் பழைய கடவுச்சீட்டையோ, கடைப் பதிவுப் பத்திரத்தையோ பார்த்துச் சரிசெய்யட்டும். குடும்பத்தின் கதையும் காக்கப்படும். ஆதாரம் தேடும் பழக்கமும் வரும்.

எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்கின்றன. கேட்டவுடன் வழுவழுப்பான ஒரு கட்டுரையை அவை தந்துவிடும். நடவாத நிகழ்ச்சியையும் சொல்லாத சொல்லையும் நடந்ததுபோல எழுதியும் விடும். அந்த இயந்திரத்துக்குச் சிட்டை கிடையாது. ஆகவே, குறிப்பேட்டில் இல்லாத ஒரு பெயரோ எண்ணோ கூற்றோ பத்திரிகையில் ஏறக் கூடாது என்று முதல் நாளே விதி வகுத்துவிடவேண்டும்.

மூன்றாம் பாடம்: தமிழைத் தட்டெழுதுதல்

நம் பிள்ளைகளில் பலர் தமிழை ஆங்கில எழுத்திலே எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். தமிழ் எழுத்து கணினியில் வராது என்று இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. கணினித் தமிழுக்கு வழிவகுத்தவர்களில் இவ்விரு நாட்டவரும் முன்னணியில் நின்றவர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ மென்பொருளை உருவாக்கி, இணையத்தில் தமிழ் ஏற உழைத்து, 1999இல் மறைந்தார்.

தட்டெழுத இரண்டு முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. ஒன்று, ஆங்கில எழுத்தின் ஒலியைக்கொண்டு தமிழ் வரவழைக்கும் அஞ்சல் முறை. மற்றொன்று, 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை. முதலாவது உடனே கைவரும். ஆனால் அதில் பிள்ளை தமிழை ஆங்கிலத்தின் வழியாகவே எண்ணிப் பார்க்கிறது. லகரமும் ளகரமும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களாகிவிடுவதால் அடிக்கடி இடம் மாறுகின்றன. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்து ‘க்க’ என்றாகும். சில வாரப் பழக்கம் வேண்டும். பழகிவிட்டால் விரைவும் வரும், எழுத்தின் இலக்கணமும் விரல் வழியே மனத்தில் பதியும். பத்திரிகைக் குழுவில் பாதிப் பேராவது இதைக் கற்பது நலம்.

எல்லோரும் ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்தவேண்டும். பழைய முறை எழுத்துருவில் ஒருவர் தட்டித் தந்தால் அடுத்தவர் கணினியில் அது புரியாத குறிகளாகத் தெரியும். விண்டோசில் உள்ள லதா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் முதலியவை ஒருங்குறி எழுத்துருக்களே.

நான்காம் பாடம்: பக்கம் அமைத்தல்

விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் இலவசம், அதுவே போதும். வேறு மென்பொருளைத் தேர்ந்தால் முதலில் ‘கொக்கு’, ‘கௌதாரி’ என்று இரண்டு சொற்களைத் தட்டிப் பார்க்கவேண்டும். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நில்லாமல் சிதறினால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது, அல்லது அதன் அமைப்பை மாற்றவேண்டும்.

ஏ3 தாள் ஒன்றை இரண்டாக மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கங்கள் கிடைக்கும். வெற்றுத்தாள் ஒன்றை மடித்து, 1, 2, 3, 4 என்று எண்ணிட்டு, பிறகு விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்புறத்தில் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 1. உட்புறத்தில் 2, 3 என்று இருக்கும். கணினியில் இந்த வரிசையை மாற்றி அமைத்துவிட்டு நூறு பிரதி அச்சிட்டால் நூறு தாளும் வீண். ஒரு தாளை மடித்துப் பார்த்தால் அந்த நஷ்டம் இல்லை.

ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து ஏ4 பக்கத்தில் மூன்று பத்தி போடப் பிள்ளைகள் விரும்புவார்கள். தமிழுக்கு அது பொருந்தாது. ‘கலந்துகொண்டவர்களுக்கெல்லாம்’ என்னும் ஒரு சொல்லே ஒரு வரியை விழுங்கிவிடும். இருபக்கமும் நேர்செய்தால் சொற்களுக்கிடையில் ஓட்டைகள் விழும். பக்க ஓரங்களில் 15 மில்லிமீட்டர் விட்டு, நடுவில் 6 மில்லிமீட்டர் இடைவெளியோடு இரண்டு பத்தி அமைத்தால் ஒவ்வொன்றும் 87 மில்லிமீட்டர் அகலம் வரும். எழுத்தின் அளவு 11 புள்ளி. இடப்பக்கம் மட்டும் நேர்செய்தல் போதும்.

இடத்தை அளக்கவும் கற்பிக்கவேண்டும். நூறு சொற்களைத் தட்டி அச்சிட்டு அடிக்கோலால் உயரத்தை அளக்கட்டும். நூறு சொல் 12 சென்டிமீட்டர் பிடித்தால், 24 சென்டிமீட்டர் பத்தியில் 200 சொல்தான் கொள்ளும். 350 சொல் எழுதி வந்த நிருபர் 150 சொல்லை வெட்டத்தான் வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கித் திணிக்க விடக் கூடாது. எதை வெட்டுவது, எதை வைப்பது என்று பிள்ளை யோசிக்கும் அந்த நேரமே சிறந்த தமிழ்ப் பாடம்.

படத்துக்கும் கணக்கு உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது அச்சின் வழக்கமான அளவு. 9 சென்டிமீட்டர் அகலத்தில் தெளிவாக வர, படம் சுமார் 1,060 புள்ளி அகலம் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வரும். மூலப் படத்தையே கேட்டு வாங்கவேண்டும். மாணவர் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இணையத்தில் கிடந்தது என்று பிறர் படத்தை எடுத்துப் போடுவது, பிறர் கிடங்கிலிருந்து மூட்டையைத் தூக்கி வருவதற்கு ஒப்பாகும்.

ஐந்தாம் பாடம்: பிழை திருத்தமும் கையொப்பமும்

கணினியின் பிழைதிருத்தி உதவும். ஆனால் அது எல்லாவற்றையும் பிடிக்காது. ‘பள்ளி விழா’ என்பது ‘பல்லி விழா’ ஆனாலும், கடைக்கு ‘வெல்லம்’ வந்தது என்பது கடைக்கு ‘வெள்ளம்’ வந்தது ஆனாலும் கணினி வாய் திறவாது. இரண்டும் தமிழில் உள்ள சொற்களே. ஆகவே பக்கத்தைத் தாளில் அச்சிட்டு, ஒருவர் குறிப்பேட்டிலிருந்து உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளில் குறியிட்டு வரவேண்டும். நிலுவைக் கணக்கை இருவராகச் சரிபார்க்கும் முறைதான் இது. பெயர், தேதி, தொகை ஆகிய மூன்றையும் தனியாக ஒருமுறை பார்க்கவேண்டும்.

இறுதியில் ஆசிரியப் பொறுப்பிலுள்ள மாணவர் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டுக் கையொப்பமிடவேண்டும். அதன் பிறகு பொறுப்பாசிரியர் பார்த்து அனுமதிப்பார். கையொப்பமிடும் பிள்ளை, பத்திரத்தில் கையொப்பமிடும் பெரியவர்போல ஒரு கணம் தயங்கவேண்டும். அந்தத் தயக்கத்துக்காகத்தான் இத்தனை பாடமும்.

அதற்குப் பின்னும் பிழை நேர்ந்தால் அடுத்த இதழில், பளிச்சென்று தெரியும் இடத்தில், ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு வெளியிடவேண்டும். கெட்ட சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்கே வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.

வணிகர் செய்யத்தக்கவை

நம்மால் ஆகக்கூடியவை நான்கு. முதலாவது, தாளும் அச்சுச் செலவும். நான்கு பக்க இதழ் நூறு பிரதிக்கு நூறு ஏ3 தாள்தான். ஒருசில கடைகள் சேர்ந்தால் ஓர் ஆண்டின் செலவு யாருக்கும் பாரமாகாது. இரண்டாவது, அலுவலகங்களில் மாற்றப்படும் கணினிகளை ஒதுக்கிவிடாமல், சோதித்து, நம் கணக்கு விவரங்களை அழித்து, இயங்கும் நிலையில் தருவது. மூன்றாவது, நேரம். கேள்வியோடு வரும் மாணவ நிருபரைக் கடை வாசலில் காக்கவைக்காமல் உட்காரவைத்துப் பதில் சொல்வது. நான்காவது, கட்டுப்பாடு. இது நம்மைச் சேர்ந்தது.

விளம்பரம் கொடுத்ததால் செய்தியையும் வாங்கிவிட்டோம் என்று எண்ணலாகாது. நம் கடைக்கு முன்னுள்ள நடைபாதையில் பெட்டிகள் வழியை அடைக்கின்றன என்று ஒரு மாணவர் படத்தோடு எழுதினால், விளம்பரத்தை நிறுத்துவேன் என்று பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லக் கூடாது. நம் விளக்கத்தைச் சொல்லலாம், தவறான தகவல் இருந்தால் திருத்தம் கேட்கலாம், பெட்டிகளையும் அகற்றலாம். பணம் கொடுத்தவர் சொன்னபடி எழுதப் பிள்ளையைப் பழக்கிவிட்டால், நாளை நம்மைவிட அதிகம் கொடுப்பவர் சொன்னபடி நமக்கெதிராகவும் அது எழுதும். விளம்பரத்தைக் கட்டம் கட்டி ‘விளம்பரம்’ என்று பெயரிட்டுச் செய்தியினின்று பிரித்து வைக்கும்படி நாமே கேட்டுக்கொள்வது நன்று.

வணிகம் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சொல்லும் அமானிதமே. நம் பிள்ளைகளில் சிலர் கடையை ஏற்பார்கள். சிலர் வேறு தொழிலுக்குப் போவார்கள். எங்கே போனாலும் அவர்கள் சொல்லை நாலு பேர் நம்பவேண்டும். அந்தச் சொல் பிழையற்ற தமிழிலும் இருக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டே இதழ், இதழுக்கு நான்கே பக்கம் என்று தொடங்கினால் போதும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் பகுதித் தமிழாசிரியர் ஒருவரை அழைத்து இதைப்பற்றிக் கலந்து பேசுமாக. அம்முயற்சிக்கு வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக! ஆமீன்.